நூலகத்துக்கு நாமும் நண்பர்களாவோம்

 

கல்வி உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கட்டணத்துக்கு அடுத்த கவலை புத்தகம். போட்டித் தேர்வு நூல்களை வீட்டுக்கு வீடு வாங்கிக் கொடுக்க எந்த டிரஸ்டாலும் இயலாது. ஒரு நூலகத்துக்குத் துணை நின்றால் ஊரே பயன் பெறும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகம் 1602 முதல் இயங்குகிறது. அரபு, பாரசீகக் கையெழுத்துப் பிரதிகளும் அங்கே ஏராளம். அவ்வளவு பெரிய நூலகத்துக்கே துணை தேவைப்பட்டு, 1925ல் 'நண்பர்கள்' சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் சந்தா செலுத்துகிறார்கள். வழக்கமான நிதியில் வாங்க இயலாத அரிய நூல்களை வாங்க அந்தப் பணம் உதவுகிறது. நூலகத்தை நடத்துவது நூலகரின் பொறுப்பு. குறைவதை நிரப்புவதே நண்பர்களின் வேலை.

நம் மாநிலத்திலும் இதற்கு வழி உண்டு. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து நூலக வரி என்று ஒன்று உண்டு. இப்போது வீட்டு வரி ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா அதற்காகச் செலுத்துகிறோம். ஆகவே அரசு நூலகம் நம் பணத்திலும் நடக்கிறது. அதற்கு மேல் நாம் செய்யக்கூடியவை:

1. புரவலர் ஆகலாம். 1,000 ரூபாய் செலுத்தினால் புரவலர். 5,000 செலுத்தினால் பெரும் புரவலர். 10,000 செலுத்தினால் கொடையாளர். அண்ணன் தம்பிகள் ஐவர் ஆளுக்கு 200 ரூபாய் போட்டு, அத்தா அல்லது அம்மாவைப் புரவலராகச் சேர்க்கலாம்.

2. வாசகர் வட்டத்தில் சேரலாம். நம் பிள்ளைகளுக்கு எந்த நூல் தேவை என்பதை நூலகரிடம் எடுத்துச் சொல்ல இது நல்ல இடம்.

3. 'நூலக நண்பர்கள்' திட்டத்தில் இளைஞர்கள் தன்னார்வலராகலாம். நூலகத்துக்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள், நோயாளிகளின் வீட்டுக்கே நூல்களைக் கொண்டு கொடுத்துத் திரும்ப வாங்கி வரும் பணி இது.

4. நூல்களை அன்பளிப்பாகக் கொடுக்கலாம். ஆனால் முதலில் நூலகரிடம் கேளுங்கள். பாடத்திட்டம் மாறிப்போன பழைய கைடுகளைக் கொண்டுபோய்க் குவித்தால் அவருக்குச் சுமைதான்.

தனி மனிதர் முயற்சிக்கும் நம் புதுக்கோட்டையிலேயே சான்று இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதியர் தம் சம்பாத்தியத்தில் நூல் நூலாகச் சேர்த்து உருவாக்கியதுதான் ஞானாலயா ஆய்வு நூலகம். லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் கொண்ட அந்த இடத்தைத் தேடிப் பல ஊர்களிலிருந்தும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வருகிறார்கள். பழைய நூல்களின் முதற்பதிப்புகள் பல அங்கே கிடைக்கின்றன.

இதில் நமக்கு ஒரு தனிக் கடமையும் உண்டு. நம் பாட்டன்மார் ஓதிய அரபுத் தமிழ்க் கித்தாபுகள் சில வீடுகளில் இன்னும் பரண் மேல் கிடக்கின்றன. கரையான் அரித்துவிட்டால் மறு பிரதி கிடைப்பது அரிது. வீட்டை இடிக்கும்போதோ வெள்ளையடிக்கும்போதோ அவற்றைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள். ஓர் ஆலிமிடமோ நூலகரிடமோ முதலில் காட்டுங்கள்.

புரவலராகவோ தன்னார்வலராகவோ சேர விரும்புவோர் ஜும்ஆவுக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்தே நூலகத்துக்குப் போவோம்.