சோடியம் கம்மி, அவ்வளவுதானா?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் "சோடியம் இறங்கிடுச்சு" என்பது சகஜமான பேச்சு. இரண்டு நாள் ஆஸ்பத்திரி, டிரிப்ஸ், வீடு. பல பேருக்கு பிரஷர் மாத்திரைதான் காரணம். மாத்திரையை மாற்றினால் தீர்ந்தது.

தீராத சிலரும் உண்டு. காபி டம்ளரை எடுக்கும்போது ஒரு கை சட்டென வெட்டி இழுக்கும். அதே பக்கம் முகமும் கோணும். மூன்று நொடிகூட நிற்காது. காபி வேட்டியில் கொட்டும். "பார்த்துப் பிடிக்கக் கூடாதாப்பா?" என்று மகள் சலித்துக்கொள்வாள். ஒரே நாளில் ஐம்பது முறைகூட வரலாம். அடுத்த தடவை சலித்துக்கொள்வதைவிட செல்போனில் படம் எடுப்பது மேல். டாக்டர் முன்னால் கை சமத்தாக இருந்துவிடும்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலுள்ள எல்ஜிஐ1 என்ற புரதத்தைத் தாக்கினால் இந்த வெட்டிழுப்பு வரும், சோடியமும் குறையும். மறதியும் குழப்பமும் பெரும்பாலும் பிறகுதான் தலைகாட்டும் என்று நரம்பியல் நிபுணர் சாரோஷ் இரானி குழுவினர் 2011-இல் எழுதினார்கள். வலிப்பு மாத்திரைக்கு அதிகம் மசியாத இழுப்பு, ஸ்டீராய்டுக்கு அடங்கும். மறதி வரும்வரை காத்திருப்பதுதான் நஷ்டம்.

இளம் பெண்களிடமும் குழந்தைகளிடமும் அதிகம் வருவது இதன் பங்காளி நோய். மூளையிலுள்ள என்எம்டிஏ ஏற்பிகளைக் குறிவைக்கும் இதை 2007-இல் அடையாளம் காட்டியவர் நரம்பியல் நிபுணர் ஜோசப் டால்மாவ். லேசான காய்ச்சல், தலைவலி. பிறகு தூக்கமின்மை, ஓயாத பேச்சு, சந்தேகம். நியூயார்க் பத்திரிகையாளர் சூசன்னா கஹாலனுக்கு 2009-இல் மூட்டைப்பூச்சி பயமும் இடக்கை மரத்துப்போவதுமாகத்தான் ஆரம்பித்தது. நம் ஊரில் படித்த வீடு "பரீட்சை டென்ஷன்" என்னும்; இன்னொரு வீடு மந்திரிக்கக் கூட்டிப்போகும். இரண்டிலும் போவது அதே நாட்கள்தான். வாய் தானாக மெல்லத் தொடங்கி, வலிப்பு வந்து, பேச்சு நின்ற பிறகே நரம்பியல் டாக்டர் நினைவுக்கு வருவார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கேன் சென்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த நோயில் எம்.ஆர்.ஐ. பலருக்கு நார்மலாகவே வரும். முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பதுதான் முக்கியம். "நடை போயிடும்" என்ற பயத்தில் கையெழுத்துப் போட மறுக்கும் குடும்பங்கள் ஏராளம். ஊசி இறங்குவதோ தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே. மூளை நோய்க்கு வயிற்றை ஏன் ஸ்கேன் செய்கிறார்கள் என்றும் கேட்பார்கள். சில பெண்களுக்கு சினைப்பைக் கட்டிதான் மூலம். அதை அகற்றினால் சிகிச்சை வேகம் பிடிக்கும்.

சிகிச்சைச் செலவு கனம்தான். நரம்பில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மருந்து என்றால் 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம், அதாவது ஐந்து கிராம் பாட்டில் இருபத்துநான்கு. ஸ்டீராய்டு ஊசி அதைவிட வெகு மலிவு. தனியாரில் கட்டுப்படியாகாதவர்கள் எலக்ட்ரிக் டிரெயினில் பார்க் ஸ்டேஷன் இறங்கினால், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது. பழைய சோடியம் ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.