நிரலோடு வாழும் உரை

ஒருவர் எழுதிய நிரலைப் பின்னொரு நாளில் வேறொருவர் திருத்த நேரிடும். அப்போது அவருக்குத் துணைநிற்பது விளக்கக் குறிப்பேயாகும். அக்குறிப்பு தனிக் கோப்பில் இருப்பின், நிரல் மாறிய பின்னும் அது பழையதாகவே நின்றுவிடக்கூடும். அதனை நம்பியவர் பிழை செய்வார். ஆகவே, நிரலுக்குள்ளேயே விளக்கத்தைப் பொதிந்துவைக்கும் முறை தோன்றியது.

அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு நூத் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளை மட்டுமன்று. மனிதருக்குக் கூறும் விளக்கமுமாகும் என்னும் கருத்தை முன்வைத்தார். 2004ஆம் ஆண்டு ஜான் குரூபர் உருவாக்கிய ‘மார்க்டவுன்’ இம்முறைக்கு ஏற்ற கருவியாயிற்று. வரியின் தொடக்கத்தில் # இட்டால் தலைப்பு. சொல்லின் இருபுறமும்  இரண்டிரண்டு உடுக்குறிகள் (**) இட்டால் தடித்த எழுத்து. குறிகள் எளியன, ஆதலால் வடிவமைக்கும் முன்னரே உரையைத் தடையின்றிப் படிக்கலாம்.

பிரேசில் நாட்டைச் சேர்ந்த ஜோசே வாலிம் உருவாக்கிய ‘எலிக்சர்’ என்னும் செயற்கூறுசார் நிரலாக்க மொழி, இவ்விரண்டையும் இணைக்கிறது. இதில் ஒவ்வொரு செயற்கூற்றின் மேலும், மும்மூன்று இரட்டை மேற்கோள் குறிகளுக்கு இடையே மார்க்டவுன் உரையை எழுதலாம். நிரல்பெயர்ப்பி, சாதாரணக் குறிப்புரைகளை நீக்கிவிடும். இவ்வுரையையோ பெயர்க்கப்பட்ட கோப்பிலேயே சேமிக்கும். பின்னர் ‘எக்ஸ்டாக்’ என்னும் கருவி அதனைப் படித்து, குறிகளைப் பகுத்து, தலைப்பும் பட்டியலும் அமைந்த இணையப் பக்கங்களாக மாற்றித் தரும்.

இம்மொழியின் மற்றொரு சிறப்பு, உரையைச் சோதிக்கும் வசதியாகும். எண்ணை இருமடங்காக்கும் செயற்கூறு ஒன்றைக் கொள்வோம். ‘4 கொடுத்தால் 8 கிடைக்கும்’ என்பதை உரிய தூண்டுகுறியுடன் எடுத்துக்காட்டாக எழுதினால், ‘டாக்டெஸ்ட்’ வசதி அதனை இயக்கிப் பார்க்கும். பிறகு எவரேனும் அச்செயற்கூற்றை மும்மடங்காக்குமாறு மாற்றினால், விடை 12 ஆகும், சோதனை தோல்வியுறும். உரை பொய்யாகிவிட்டதை நிரலாளர் உடனே அறிவார்.

ஆயினும், எடுத்துக்காட்டை மட்டுமே கணினி சரிபார்க்கும். ஏன் இவ்வாறு எழுதப்பட்டது என்னும் விளக்கம் மெய்யா என்று அதனால் கூறவியலாது. அதனைச் செம்மையாக எழுதுவதும் காலந்தோறும் திருத்துவதும் மனிதர் கடமையாகும். நிரலை எழுதத் தெரிந்தவர்க்கு மொழியைத் தெளிவாக ஆளும் திறனும் இன்றியமையாதது என்பதை இம்முறை உணர்த்துகிறது.