வரிச்சுவரும் தீக்குச்சியும்

உள்நாட்டு வேலைகளைக் காப்பதற்காக வெளிநாட்டுப் பொருள்களுக்கு அரசு தடைபோடலாமா என்னும் கேள்வி பெரும்பாலும் பொதுவிதியாகவே விவாதிக்கப்படுகிறது. ஆயினும் அதற்கான விடை, காக்கப்படுவது பொருளா, அதைச் செய்யும் ஆளா என்பதைப் பொறுத்தே மாறுகிறது என்பதைக் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழில் தெளிவாகக் காட்டுகிறது.

பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிகளின் விற்பனையைக் கெடுக்கிறது என்றும், பெரும்பாலும் பெண்களான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரின் பிழைப்பு இதனால் ஆட்டம் காண்கிறது என்றும் தமிழ்நாட்டு முதலமைச்சர் 2022இல் ஒன்றிய அரசுக்கு எழுதினார். சரக்கின் விலையோடு காப்பீட்டுச் செலவும் கப்பல் கட்டணமும் சேர்ந்த மதிப்பு 20 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் அத்தகைய லைட்டரை இறக்குமதி செய்யக்கூடாது என்று 2023 ஜூன் இறுதியில் ஒன்றிய அரசு ஆணையிட்டது. உதிரிபாகங்களாக வந்திறங்கி இங்கே பூட்டப்படும் லைட்டருக்கு இந்த ஆணை பொருந்தவில்லை. அந்த வழியையும் அடைக்க 2024 அக்டோபரில் உதிரிபாகங்களுக்கும் தடை வந்தது.

இது புதிய கதையன்று. 1922இல் பிரிட்டிஷ் இந்திய அரசு, 144 பெட்டிகள் கொண்ட ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் என்று இறக்குமதித் தீப்பெட்டிக்குச் சுங்கவரி விதித்தது. கஜானாவுக்கு வருவாய் தேடி விதிக்கப்பட்ட அவ்வரி, விலை வேறுபாட்டால் உள்நாட்டு உற்பத்திக்கும் இடமளித்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியது இக்காலத்தில்தான். ஆனால் வரிச்சுவருக்கு வெளியே நிற்க விரும்பாத சுவீடன் தீப்பெட்டி நிறுவனம் ஒன்றும் ‘விம்கோ’ என்ற பெயரில் இந்தியாவுக்குள்ளேயே ஆலைகளை நிறுவியது. இறக்குமதி வரி வெளியிலிருந்து வரும் பெட்டியைத்தான் தடுக்கும். உள்ளே வந்து அமரும் மூலதனத்தைத் தடுக்காது. பெரிய ஆலையோடு கைத்தொழில் நீண்டகாலம் போட்டியிட முடிந்ததற்குக் காரணம், உள்நாட்டு உற்பத்தி மீதான கலால் வரியில் அதற்குக் கிடைத்த சலுகையே.

அச்சலுகையின் பிற்கால வரலாறுதான் கவனிக்கத்தக்கது. சரக்கு மற்றும் சேவை வரியில் கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 விழுக்காடும் ஏனையவற்றுக்கு 18 விழுக்காடும் இருந்த நிலை மாறி, 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 விழுக்காடு என்றானது. குச்சி அடுக்கவும் மருந்தில் தோய்க்கவும் பெட்டியில் அடைக்கவும் இயந்திரம் வந்துவிட்டால், அதே அளவு தீப்பெட்டிக்கு முன்பு தேவைப்பட்ட கைகள் தேவைப்படா. பெண் தொழிலாளரின் பெயரால் லைட்டரைத் தடுத்த அரசே, மூன்றாண்டுகளுக்கு முன் இயந்திரத்துக்கு எதிரான அவர்களுடைய வரிச்சலுகையை நீக்கியிருந்தது என்பதைத் தடையை வரவேற்றோர் அதிகம் பேசவில்லை.

பாதுகாப்பின் விலையை அமெரிக்கா அளந்தே பார்த்துள்ளது. 2018இல் அங்கே வெளிநாட்டுச் சலவை இயந்திரங்களுக்குக் கூடுதல் வரி விதிக்கப்பட்டதை ஒட்டித் தென்கொரியாவின் சாம்சங், எல்ஜி நிறுவனங்கள் விம்கோவைப் போலவே உள்ளே ஆலை திறந்தன. சுமார் 1,800 வேலைகள் உருவாயின. ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 கோடி டாலர் கூடுதல் சுமை, அதாவது ஒரு வேலைக்கு எட்டு லட்சம் டாலருக்கு மேல், வாங்குவோர் தலையில் விழுந்தது என்று பொருளியல் ஆய்வாளர் மூவர் கணக்கிட்டனர். வரி விதிக்கப்படாத துணி உலர்த்தும் இயந்திரமும், சலவை இயந்திரத்தோடு இணையாக விற்கப்படுவதால், விலை ஏறியது.

இதனால் சந்தையின் போக்கிலேயே விட்டுவிடலாம் என்று ஆகிவிடாது. சீன இறக்குமதியால் வேலை இழந்த அமெரிக்க வட்டாரங்களை ஆராய்ந்த பொருளியலாளர் டேவிட் ஆட்டரும் அவருடைய கூட்டாளிகளும், தொழிலாளர் வேறு ஊருக்கும் வேறு தொழிலுக்கும் எளிதில் நகர்ந்துவிடுவர் என்ற பழைய கருத்து பொய்த்ததை 2013இல் காட்டினர். இறக்குமதியால் வேலை இழப்போருக்கு உதவித்தொகையும் பயிற்சியும் தருவதற்கென 1962இல் தொடங்கிய திட்டம் அந்நாட்டிலேயே இருந்தது; இறக்குமதி வரிகள் தொடர, அத்திட்டமோ நீட்டிக்கப்படாமல் 2022 ஜூலை முதல் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்திவிட்டது.