பரிந்துரைக் கோப்பும் ஒரு விஞ்ஞானியின் வயதும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது தயங்கினேன். இலக்கியம் பற்றி எழுத அறிஞர்கள் இருக்கிறார்கள். நானோ கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கல்விப் பிரிவில் முப்பது ஆண்டுகள் கோப்பு பார்த்தவன். "அந்த ஃபைலைப் பத்தித்தான் எழுதுங்களேன் சார்" என்றார் அவர். சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆராய்ச்சி விருதுகளுக்கு ஒரு நிறுவனம் தன் விஞ்ஞானிகளைப் பரிந்துரைப்பது எப்படி என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிகளிலும் ஆய்வகங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

கேட்டுப் பெற்ற பரிந்துரை

நம் ஊர்க் கதையிலிருந்தே தொடங்கலாம். பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் சர் சி.வி. ராமன் தம் சிதறல் விளைவைக் கண்டது 1928 பிப்ரவரி 28. அடுத்த மாதம் 16ஆம் தேதி பெங்களூரில் அதைப் பற்றி உரையாற்றினார். உடனே அச்சிட்டு, படிகளைப் பல நாட்டு இயற்பியலாளர்களுக்கு அனுப்பினார். 1929இன் இறுதியில் நீல்ஸ் போருக்குத் தாமே கடிதம் எழுதி, நோபல் பரிசுக்குத் தம்மைப் பரிந்துரைக்கும்படி கேட்டார். 1930இல் அவரைப் பரிந்துரைத்தவர்களில் போர், ரூதர்ஃபோர்டு, பெரன் முதலியோர் இருந்தனர். பரிசும் அந்த ஆண்டே வந்தது.

அதே நகரத்தின் சத்யேந்திரநாத் போஸ் கதை வேறு. அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1924இல் வெளிவந்தது. நோபலுக்கு அவர் பெயர் முதலில் சென்றது 1956இல்தான். பிறகு 1959, 1962 ஆகிய ஆண்டுகளில் சென்றது. பரிந்துரைத்தவர்கள் எல்லோரும் இந்தியர்கள். ஸ்வீடனில் மதிப்பீடு செய்த ஆஸ்கர் கிளைன், பரிசுக்குத் தகுந்த அளவு பணி இல்லை என்று கருத்துச் சொல்லிவிட்டார். பரிந்துரை தாமதமானதால்தான் பரிசு கிடைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 32 ஆண்டுகள் யாருமே எழுதவில்லை என்பது பரிந்துரை எழுதிப் பிழைத்த எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள். ராமனுக்குக் கேட்கத் தெரிந்தது. கேட்கத் தெரியாதவர்களுக்காகக் கேட்க வேண்டியது யார்? அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனம்தான்.

பட்நாகர் பரிசின் விதிகள்

நான் அதிகம் பார்த்தது சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசுக் கோப்புகளை. 1958இல் முதன்முதலாக அதைப் பெற்றவர் ராமனோடு பௌபஜாரில் உழைத்த நம் கே.எஸ். கிருஷ்ணன். ஏழு துறைகளில் தந்தார்கள். வயது 45க்குள் இருக்க வேண்டும். பரிசு ஆண்டுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில், பெரும்பாலும் இந்தியாவிலேயே செய்த பணியாக இருக்க வேண்டும். விஞ்ஞானி தாமே விண்ணப்பிக்க முடியாது. துணைவேந்தர், நிறுவன இயக்குநர், முன்பு பரிசு பெற்றவர் போன்றோர் பரிந்துரைக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டுக்கான பட்டியலோடு அந்தப் பழைய ஏற்பாடு முடிந்தது. மத்திய அரசு 2023இல் ராஷ்ட்ரீய விஞ்ஞான் புரஸ்கார் என்ற புதிய தொகுப்பை அறிவித்தது. விஞ்ஞான் ரத்னா, விஞ்ஞான் ஸ்ரீ, விஞ்ஞான் யுவா, விஞ்ஞான் குழு என நான்கு பிரிவுகள். யுவா பிரிவில் பட்நாகர் பெயரும் 45 வயது வரம்பும் தொடர்கின்றன. 2024இல் முதல் ரத்னா விருதைப் பெற்றவர் பெங்களூரு உயிர்வேதியியலாளர் கோ. பத்மநாபன். துறைகள் ஏழிலிருந்து பதின்மூன்றாகின. விதிகள் மாறினாலும் கோப்பு எழுதும் வேலை மாறவில்லை. வயது, காலம், துறை மூன்றையும் முதல் நாளே சரிபார்க்காவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கெடுத்த ஒரு கோப்பு

2006ஆம் ஆண்டு. எங்கள் நிறுவனத்தில் திருநெல்வேலிப் பக்கத்து வேதியியலாளர் ஒருவர் இருந்தார். நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைப் பல மடங்கு தாண்டிய கிணறுகள் அங்கே உண்டு. அந்தத் தண்ணீரிலிருந்து ஆர்சனிக்கைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டிப் பொருளை அவர் உருவாக்கியிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் கிராமத்தில்தான் இருப்பார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

பரிந்துரை கேட்டு வந்த சுற்றறிக்கை என் மேஜைத் தட்டிலேயே மூன்று வாரம் கிடந்தது. எங்கள் பொரோபாபுதான், அதாவது தலைமை எழுத்தர், எடுத்து நீட்டினார். கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. நண்பரை அழைத்தேன். "எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்" என்றார். பயோடேட்டாவை மட்டும் வாங்கிக்கொண்டு மிச்சத்தை நானே நிரப்பினேன்.

செய்த தவறுகள் மூன்று. ஒன்று, அவர் வேதியியல் துறை ஆள் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு 'வேதியியல்' என்று குறித்தேன். களப்பணிதான் அவர் பலம். எந்தத் துறைக் குழு அதை நன்றாக எடைபோடும் என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டு, பெரிய பத்திரிகையில் வந்தது என்று ஒன்பது வருடப் பழைய கட்டுரைகளை முன்னால் வைத்தேன். அவை வெளிநாட்டில் வேறொருவர் ஆய்வகத்தில் செய்தவை. விதிப்படி கணக்கிலேயே வராது. மூன்று, சாதனைச் சுருக்கத்தை ஆண்டறிக்கையிலிருந்து அப்படியே எடுத்து எழுதினேன். 'இவர் 62 கட்டுரைகள் வெளியிட்டுள்ளார், நான்கு மாணவர்களை முனைவர் பட்டத்துக்கு நெறிப்படுத்தியுள்ளார், பல கருத்தரங்குகளில் பங்கேற்றுள்ளார்' என்று. வடிகட்டி கடைசிப் பத்தியில் ஒரு வரி.

பரிசு வரவில்லை. அடுத்த முறை அனுப்ப முடியாதபடி அவருக்கு 45 கடந்துவிட்டது. பணம் போனது பெரிதல்ல. அப்படி ஒரு பரிசு வந்தால் ஆய்வகத்துக்கு நிதி வரும், நல்ல மாணவர்கள் தேடி வருவார்கள். அது எல்லாம் போயிற்று. மன்னிப்புக் கேட்கப் போனேன். "விடுங்க சார், தண்ணி நல்லாத்தானே வருது" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

கோப்பை எழுதும் முறை

அதன் பிறகு நாங்கள் முறையை மாற்றினோம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லா விஞ்ஞானிகளின் பிறந்த தேதியையும் எழுதி, எந்த விருதின் வயது வரம்பு யாருக்கு எப்போது முடிகிறது என்று குறித்தோம். விருதுக்கு விருது வரம்பு வேறு. அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். இன்ஃபோசிஸ் பரிசு 50 என்று இருந்த வரம்பை 2024இல் 40 ஆகக் குறைத்தது. ஆகவே நோட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வரம்புக்கு மூன்று ஆண்டு முன்பே ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவோம்.

அடுத்தது சாதனைச் சுருக்கம். இதில்தான் முழு உழைப்பும் வேண்டும். மூன்று கேள்விகளுக்கு விடை இருந்தால் போதும். இந்தப் பணிக்கு முன் என்ன தெரியாமல் இருந்தது? இவர் என்ன கண்டார்? அதனால் மற்றவர்கள் செய்யும் வேலையில் என்ன மாறியது? என் நண்பருக்கு நான் இப்படி எழுதியிருக்க வேண்டும்: 'அன்றிருந்த வடிகட்டிகள் தண்ணீரில் இரும்புச்சத்து மிகுந்தால் சீக்கிரம் அடைத்துக்கொண்டன. இவர் உருவாக்கிய பொருள் அந்த நீரிலும் வேலை செய்கிறது. இத்தனை கிராமங்களில் இத்தனை மாதங்கள் சோதித்த அளவுகள் இவை.' குழுவில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் ஒரு கட்டுக் கோப்பு இருக்கும். பக்கத்துத் துறைக்காரராகவும் இருப்பார். முதல் பத்தியில் அவருக்குப் புரியாவிட்டால் பத்தாம் பக்கத்தில் புரியப்போவதில்லை. பத்ம விருதுக்கே தகுதியுரை 800 சொற்களுக்குள் என்று கட்டுப்பாடு உண்டு.

பலர் சேர்ந்து எழுதிய கட்டுரை என்றால் இவர் பங்கு எது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். 'நாங்கள்' என்று எல்லாவற்றையும் சொந்தமாக்கினால் சந்தேகம்தான் வரும்.

எண்களை நம்பி இருக்கவேண்டாம். பத்திரிகையின் 'இம்பாக்ட் ஃபேக்டர்' அந்தப் பத்திரிகையின் சராசரி. ஒரு தனிமனிதரின் தரத்துக்கு அளவுகோல் அல்ல. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கை இதைத்தான் வற்புறுத்துகிறது. கணித அறிஞர் ஒருவரையும் உயிரியலாளர் ஒருவரையும் மேற்கோள் எண்ணிக்கையால் ஒப்பிடுவது, தராசில் துணியை அளப்பது போல.

கருத்துச் சொல்லக்கூடியவர்களின் பெயர் கேட்டால், பழைய வழிகாட்டியையும் கூட்டாளிகளையும் தவிருங்கள். அந்தப் பணியைத் தாமே பயன்படுத்துகிற, நேரில் பழக்கமில்லாத ஒருவர் எழுதும் நான்கு வரிக்கு மதிப்பு அதிகம். இயக்குநர் கடிதம் பயோடேட்டாவைத் திருப்பிச் சொல்லக்கூடாது; இவரை ஏன் இந்த ஆண்டு அனுப்புகிறோம் என்று சொல்ல வேண்டும்.

யாரைப் பார்க்கத் தவறுகிறோம்?

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. பரிந்துரை கேட்டவுடன் நிர்வாகத்தின் நினைவுக்கு வருவது கூட்டங்களில் பேசுகிறவர்கள்தான். பட்நாகர் பரிசை முதலில் பெற்ற பெண் 1961இல் நம் கல்கத்தாவின் அசீமா சாட்டர்ஜி. அடுத்தவர் அர்ச்சனா சர்மா, இவரும் கல்கத்தாதான், 1975இல். நடுவில் 14 ஆண்டுகள். அத்தனை காலம் தகுதியுள்ள பெண்ணே நாட்டில் இல்லையா? எத்தனை பேருடைய பெயர் அவரவர் நிறுவனத்து வாசலையே தாண்டவில்லையோ! அதனால் நாங்கள் 'விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு நிற்காமல், ஒவ்வொரு துறையிலும் 'விண்ணப்பிக்காதவர்களில் யார்?' என்றும் கேட்டோம். நான் 2015இல் ஓய்வு பெறும்வரை அப்படி அனுப்பிய பெயர்களில் இரண்டு தேறின. அந்த இருவருமே தாமாகக் கேட்டவர்கள் அல்லர்.

சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் அந்த நெல்லை நண்பர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். "என் கிட்ட படிச்ச பொண்ணு சார். அவளா வாயைத் திறக்கமாட்டா. இப்போ நாற்பத்திரண்டு நடக்குது. டேட் ஆஃப் பர்த் இதுல எழுதியிருக்கேன்" என்றார். இலையில் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் விரல் விட்டு மாதக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.