ஸ்பானிஷில் ஒரு சிகிச்சைச் சோதனை

அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். இருந்தும், குடி, போதைப் பழக்கங்களுக்கு எந்தச் சிகிச்சை பலன் தரும் என்று சோதித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் சிறுபான்மையினரையும் சேர்க்க வேண்டும் என்று 1993இல் சட்டம் வந்த பிறகும் இந்த இடைவெளி சீக்கிரம் அடைபடவில்லை.

கேள்வித்தாளை மொழிபெயர்ப்பது இதில் எளிய வேலை. ஒருவர் ஸ்பானிஷில் ஆக்கியதை வேறொருவர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து மூலத்தோடு ஒப்பிடுவார். மெக்சிகோக்காரர், கியூபாக்காரர், புவேர்ட்டோ ரிக்கோக்காரர் மூவருக்கும் கேள்வி ஒன்றாகவே விளங்கவேண்டும் என்பது கூடுதல் சிக்கல். ஆட்கள் கிடைப்பதுதான் உண்மையான தலைவலி. இருமொழி ஆலோசகர்கள் குறைவு. அமர்வுகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, சிகிச்சை முறைப்படி நடந்ததா என்று மதிப்பிடுகிறவருக்கும் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனையும் கைகூடிய ஒரு சோதனையின் முடிவுகள் 2009இல் வெளியாயின. யேல் பல்கலைக்கழகத்தின் கேத்லீன் கரோலும் குழுவினரும் 5 மையங்களில் 405 பேரைச் சேர்த்தனர். பேட்டியும் சிகிச்சையும் முழுக்க ஸ்பானிஷில். ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை; மறு பிரிவினருக்கு 3 அமர்வுகளில் ஊக்கமூட்டும் சிகிச்சை. இதில் ஆலோசகர் உபதேசம் செய்வதில்லை. பழக்கத்தை விடுவதற்கான காரணத்தை நோயாளியின் வாயிலிருந்தே வரவழைப்பார்.

இரு பிரிவிலுமே போதைப் பயன்பாடு குறைந்தது. மதுவே முதன்மைப் பிரச்சினையாக இருந்தவர்களிடம் மட்டும் ஊக்கமூட்டும் சிகிச்சை ஒரு படி மேலே நின்றது. புது முறையை ஆதரிப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் நோயாளியின் மொழியிலேயே கிடைத்த சாதாரண ஆலோசனையும் சோடை போகவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இத்தகைய ஆய்வுகளுக்கு ஆட்களைச் சேர்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடத் தயங்குவது இயல்பு. ஆய்வில் பங்கேற்பவரின் அடையாளத்தை நீதிமன்றம் கேட்டாலும் தரவேண்டியதில்லை என்று காப்பளிக்கும் ரகசியச் சான்றிதழ் உண்டு. அதைப் பொறுமையாக விளக்கிச் சொல்வதும் ஆய்வாளரின் பொறுப்பு.

ஆலோசகர் பஞ்சத்தைச் சமாளிக்க கரோலின் வட்டத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிறகு கணினியை நாடினார்கள். சிந்தனைப் போக்கையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் சிகிச்சையை, லத்தீன் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் பாணியில் கதையாக்கி இணையத்தில் அமைத்தார்கள். 92 பேரிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2018இல் வந்தது: வழக்கமான சிகிச்சையோடு இதையும் பெற்றவர்களிடம் பயன்பாடு கூடுதலாகக் குறைந்தது, 6 மாதம் கழித்தும் அந்தப் பலன் நீடித்தது.