உங்களுக்குத் தெரியுமா? பாரிஸ் கல்லறையில் அமெரிக்க மண்!

பிரான்ஸ் நாட்டுப் படைத்தலைவர் லஃபாயெத் பாரிஸின் பிக்பூஸ் இடுகாட்டில் உறங்குகிறார். ஆனால் அவர் சவப்பெட்டி மேல் விழுந்தது அமெரிக்க மண்!

1777-இல், 19 வயதில், அமெரிக்க விடுதலைப் படையில் மேஜர் ஜெனரல் ஆனவர் இவர். ஜார்ஜ் வாஷிங்டன் மீது அவ்வளவு பற்று. மகனுக்கே ஜார்ஜ் வாஷிங்டன் என்று பெயர் வைத்தார். 1825-இல் அமெரிக்க விடுதலைப் போர்க்களமான பங்கர் ஹில்லில் நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டப் போனவர், அந்தப் போர்க்களத்து மண்ணைக் கையோடு எடுத்து வந்தார். 1834-இல் அவர் மறைந்தபோது, அந்த மண்ணைக் குழியில் தூவியது அதே மகன்தான்.

பிக்பூஸைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794 கோடையில் கில்லட்டினுக்குப் பலியான 1,306 பேர் அங்கே இரண்டு குழிகளில் மொத்தமாகக் கொட்டப்பட்டார்கள். லஃபாயெத்தின் மனைவி அட்ரியனின் பாட்டி, தாய், அக்கா மூவரும் ஒரே நாளில், ஜூலை 22 அன்று கொல்லப்பட்டு அங்கேதான் கிடக்கிறார்கள். ஐந்தே நாளில் புரட்சித் தலைவர் ரோபஸ்பியரின் ஆட்சியே கவிழ்ந்தது; அதுவரை தப்பியிருந்தால் மூவரும் பிழைத்திருக்கக்கூடும். சொந்தங்களின் அருகிலேயே அடங்க விரும்பிய அட்ரியன், 1807-இல் அங்கே அடக்கமானார். கணவர் அவர் பக்கத்தில்.

மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வரைவை 1789-இல் பிரெஞ்சுத் தேசிய அவையின் முன் வைத்ததும் லஃபாயெத்தான். அந்தப் பெருமையைவிட, மனைவியின் அருகாமையைத் தேடி வந்த அந்த முடிவுதான் மனதை அதிகம் தொடுகிறது.

அவர் கல்லறையருகே அமெரிக்கக் கொடி பறக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 4 அன்று புதுக் கொடி ஏற்றுகிறார்கள்.