கேஸ் தீர்ந்துவிட்டதா? ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்

சித்திரை வெயில் தொடங்கியதும் கோவில்பதாகை, ஆவடிப் பக்கம் பழைய அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் வைத்திருப்பவர்கள் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ஏ.சி. குளிரவில்லை என்று கடையில் நிறுத்துவார்கள். "கேஸ் தீந்துடுச்சு சார், அடிச்சிடலாம்" என்பார் மெக்கானிக். பணம் கை மாறும். கொஞ்ச நாள் குளிரும், மறுபடி அதே கடை. எதற்குக் கொடுத்தோம் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட யாரிடமும் இருக்காது.

கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருளல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிவருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. பழைய ரப்பர் ஹோஸில் வருடக்கணக்கில் கொஞ்சம் கசிவது இயல்பு. சில வாரத்தில் காலியானால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பவர் உங்கள் பணத்தைத்தான் காற்றில் விடுகிறார்.

கேஸ் மேல் பழி போடுமுன் பானெட்டைத் திறந்து பாருங்கள். ஏ.சி. போட்டதும் கம்ப்ரசர் முகப்புத் தட்டு 'டக்' என்று பிடித்துச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ், ரிலே, வயரிங். ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றால் சூடாகிறதா? கண்டென்சரில் தூசு அடைத்திருக்கும், அல்லது ஃபேன் ஓடாது. ஆரம்பத்தில் குளிர்ந்து, போகப் போகக் காற்றே வராமல் போனால் கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, எந்த கேஸ்? அந்தக் காலக் கார் ஏ.சி.க்கள் ஆர்-12க்குச் செய்யப்பட்டவை. ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கை அதற்கு முடிவு கட்டியது. இந்தியாவிலும் 2008இல் உற்பத்தி நின்றது. இன்று "ஒரிஜினல் ஆர்-12" என்று எவராவது நீட்டினால் நம்பாதீர்கள். ஆர்-134ஏக்கு மாற்றலாம், ஆனால் பழைய மினரல் ஆயிலோடு அது ஒத்துப்போகாது. ஆயில், ரிசீவர் டிரையர், ஓ-ரிங் எல்லாம் மாற்றி, வேக்யூம் போட்டு, பழைய அளவில் சுமார் 80 முதல் 85 சதவீதம் மட்டும் எடை போட்டு ஏற்ற வேண்டும். அரைமணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் இதில் எதையும் செய்யப்போவதில்லை.

சமையல் கேஸை அடித்துக்கொள்ளாதீர்கள். மலிவு, நன்றாகவே குளிரும் என்று ஆசை காட்டுவார்கள். கூலிங் காயில் இருப்பது டாஷ்போர்டுக்கு அடியில், உங்கள் முழங்காலருகில். அங்கே கசிந்தால் மூடிய காருக்குள் எரிவாயு நிரம்பும். ஒரு பொறி போதும். கசிவு பார்க்க ஆக்சிஜன் ஏற்றுவதும் வேண்டாம். ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜன்தான் வேண்டும்.

இனி காகிதம். வேலைக்கு விடும்போதே ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்: கசிவு எங்கே, எந்த கேஸ், எத்தனை கிராம், எந்த ஆயில், வேக்யூம் எவ்வளவு நேரம், வாரன்டி எத்தனை நாள். கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. எண் இல்லாத சின்னக் கடையும் கையால் எழுதி ரசீது தரலாம். சேவைக்கு ரசீது தராமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு சேர்த்திருக்கிறது.

வேலை சொதப்பினால் சண்டை வேண்டாம். அடுத்த மெக்கானிக் கை வைக்குமுன் படம் எடுத்து, அவரிடம் குறையை எழுத்தில் வாங்குங்கள். பிரித்துச் சரிசெய்த பிறகு ஆதாரம் ஏது? பிறகு 1915 நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் கடைக்காரருக்கு 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, அனுப்பிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அதற்கடுத்த படியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விலாசத்தில் சென்னை என்றிருப்பதால் சென்னை நுகர்வோர் ஆணையத்துக்கு ஓடுகிறார்கள். ஆவடி வட்டம் திருவள்ளூர் மாவட்டம். நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே வழக்குப் போடலாம் என்பதால், கடை அண்ணா சாலையில் இருந்தாலும் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம்; இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மனு, உறுதிமொழிப் பத்திரம், ரசீது, ஜாப் கார்டு, நோட்டீஸ் நகல் போதும். வாட்ஸ்அப் உரையாடலை வைத்தால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவுச் சான்றிதழை இணைக்க மறக்காதீர்கள். இது இல்லாமல் போய் முழிப்பவர்கள் ஏராளம்.

எதிர்த்தரப்புக்கு ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா வாங்கி வாங்கி அலுத்தவர்களிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உங்களுக்கு வைத்த கெடு மட்டும் கறார்: குறை எழுந்ததிலிருந்து 2 வருடம். "அடுத்த வாரம் வாங்க சார்" என்று கடைக்காரர் இழுத்தடிக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கணக்கில்தான் கழிகிறது.